ஐஸ் என்ற போதைச் சாமான் பாவிக்கிற தம்பிக்கு மூளையில் என்னதான் நடக்கிறது? பொய்யா, வருத்தமா?

திருக்கடலூர்_அக்கா:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதை ஊருக்குள் வாய்விட்டுக் கதைக்க ஆளில்லை.

என் தம்பிக்கு 22 வயது, கடல் தொழில். முதலில் ஒரு சம்மாட்டியின் சின்னப் படகில் போய்க்கொண்டிருந்தான், போன வருடம் பல நாள் படகில் ஏறினான். அங்கேதான் யாரோ "ஒரு இழுவை இழு, விடிய விடிய நித்திரை வராது, கை ஓயாது" என்று ஐஸைக் கொடுத்துப் பழக்கியிருக்கிறார்கள். ஆரம்பத்தில் எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நன்றாக உழைக்கிறான், சுறுசுறுப்பாகத் திரிகிறான், மெலிந்துவிட்டான் என்பதுதான் அம்மாவின் ஒரே கவலை. இப்போது நிலைமை வேறு. இரண்டு மூன்று நாள் கண்ணே மூடுவதில்லை, அப்புறம் ஒரு முழு நாள் எழும்பாமல் கிடக்கிறான். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மேசை ஃபேனைக் கழற்றி, ஆணி ஆணியாக நிலத்தில் அடுக்கி, திரும்பப் பூட்டி, மறுபடி கழற்றுகிறான், இரவு முழுக்க அதே வேலை. பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றித்தான் குசுகுசுக்கிறார்களாம், ஒழுங்கையில் யாரோ நின்று போனில் படம் எடுக்கிறார்களாம். கையைச் சொறிந்து சொறிந்து புண்ணாக்கி வைத்திருக்கிறான், தோலுக்குள் ஏதோ ஊர்கிறதாம்.

அம்மா செய்வினை என்கிறார். பத்திரகாளி அம்மன் கோவிலில் அர்ச்சனை செய்து நூலும் கட்டியாயிற்று. நான் அதைத் தடுக்கவில்லை, அவருக்கு அது ஒரு ஆறுதல்.

எனக்கு விளங்காதது இதுதான். காலையில் அம்மாவின் காலைப் பிடித்து அழுகிறான், இனித் தொடமாட்டேன் என்று கோணேசர் மீது சத்தியம் செய்கிறான், அந்த நேரத்தில் அவன் கண்ணைப் பார்த்தால் பொய் சொல்கிற கண்ணாகத் தெரியவில்லை. பின்னேரம் ஒரு கோல் வருகிறது, சேட்டைப் போட்டுக்கொண்டு போய்விடுகிறான். இதில் எது உண்மை? இந்தச் சாமான் மூளையில் என்ன செய்கிறது, அது திரும்பிச் சரியாக வருமா? எங்கள் அம்மப்பா ஆயுசு முழுக்கக் கள்ளுக் குடித்தவர், அவர் இப்படி ஃபேன் கழற்றவில்லையே. அறிவுரை வேண்டாம், அது வீடு நிறைய இருக்கிறது. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வார்ட்_அக்கா:

தங்கச்சி, நான் மனநல வார்ட்டில் நீண்ட காலம் வேலை செய்து ஓய்வு பெற்ற தாதி. தம்பியைப் பார்க்காமல் வருத்தத்துக்குப் பெயர் வைக்க ஏலாது, அதை டொக்டர்தான் செய்ய வேண்டும். ஆனால் நீங்கள் எழுதியதில் ஒவ்வொரு வரியும் நாங்கள் வார்ட்டில் கேட்டுப் பழகிய வரி. அந்த ஃபேன் உட்பட.

ஐஸ் என்பது மெத்தாம்பெட்டமின், சுருக்கமாக மெத். புதுச் சாமான் இல்லை, 1893இல் ஜப்பானில் நாகாய் நாகயோஷி என்ற வேதியியலாளர் எபெட்ரினிலிருந்து செய்தது, 1919இல் அகிரா ஒகாட்டா அதைப் பளிங்காக்கினார். 1938இல் ஜேர்மனியில் பெர்விட்டின் என்ற பெயரில் மாத்திரையாக விற்றார்கள், இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்களுக்கும் விமானிகளுக்கும் நித்திரை வராமலிருக்கக் கொடுத்தார்கள். படகில் உங்கள் தம்பிக்குச் சொன்ன அதே காரணம்தான், பாருங்கள்.

மூளையில் நடப்பது இது. ஒரு நரம்புக்கலம் அடுத்ததற்குச் செய்தி சொல்ல டோபமின் என்ற இரசாயனத்தைக் கொஞ்சமாக வெளியே விடும், செய்தி போனதும் அதற்கென்று இருக்கும் ஒரு புரதம் மிச்ச டோபமினை உள்ளே இழுத்துக்கொள்ளும். கொக்கெயின் அந்தப் புரதத்தை அடைத்துவிடுகிறது, அவ்வளவுதான். மெத் அப்படி நிற்பதில்லை. அதே வழியால் கலத்துக்குள் நுழைந்து, உள்ளே சின்னச் சின்னப் பைகளில் சேமித்திருக்கும் டோபமினைக் கொட்ட வைத்து, இழுக்கிற புரதத்தையே தலைகீழாக ஓட வைக்கிறது. படகில் அடித்தண்ணீரை வெளியே இறைக்கிற பம்ப் திடீரென்று கடலை உள்ளே இறைக்கத் தொடங்கினால் எப்படி இருக்கும், அப்படி. கணக்காகச் சொன்னால், சாப்பாடு கிடைத்த எலியின் மூளையில் டோபமின் வழமையை விட ஒன்றரை மடங்கு போலக் கூடும். மெத்தின் நெருங்கிய உறவான ஆம்பெட்டமின் கொடுத்த எலியில் பத்து மடங்கு வரை போனதை 1980களிலேயே அளந்திருக்கிறார்கள். ஒரு சாப்பாடும் ஒரு கலியாண வீடும் ஒரு பெருநாளும் அந்த உயரத்துக்குப் போகாது. அதற்குப் பிறகு அம்மாவின் மீன் குழம்பு ருசிக்கவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால் அது கொழுப்பு இல்லை.

இன்னொன்று, கொக்கெயின் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஒரு மணித்தியாலம் போல எடுக்கும், மெத்துக்கு 10 மணித்தியாலத்துக்கு மேல். அதனால்தான் இரவு முழுக்க, அடுத்த பகலும் விழிப்பு. கூடவே உடம்பை உசுப்புகிற நோர்அட்ரினலின் என்ற இரசாயனமும் ஏறுவதால் நெஞ்சு படபடக்கும், பிரஷர் ஏறும், உடம்பு சுடும், பல்லை நெருமுவான், பசி போய்விடும். எல்லாம் வடிந்த பிறகு கையிருப்புக் காலி. அதுதான் நீங்கள் பார்க்கும் அந்த எழும்பாத நாள்.

இனிச் சந்தேகம். டோபமினுக்கு இன்னொரு வேலையும் உண்டு, கண்ணில் படுகிற ஆயிரம் விஷயத்தில் எது முக்கியம் என்று குறி போடுவது. அது அளவுக்கு மீறினால் முக்கியமில்லாத எல்லாவற்றுக்கும் குறி விழுகிறது. ஒழுங்கையில் யாரோ போன் பார்த்தால் அது எனக்காகத்தான், பக்கத்து வீட்டில் சிரித்தால் அது என்னைப் பார்த்துத்தான். நித்திரையில்லாத மூன்று நாள் இதை இன்னும் ஊதிப் பெருப்பிக்கும். இதற்குக் கொடுக்கும் மருந்துகள் டோபமின் போய் ஒட்டும் இடத்தை அடைப்பவைதான், சிசோபிரீனியா என்ற மனச்சிதைவுக்கும் அதே மருந்துகள். பெரும்பாலானோருக்கு விட்ட சில நாட்களில், சில வாரங்களில் சந்தேகம் வடிந்துவிடும். சிலருக்கு நிற்காமல் தொடரும், அவர்களுக்குத் தொடர்ந்து கிளினிக் வேண்டும்.

ஃபேனைப் பற்றி. 1972இல் சுவீடனில் ரைலாண்டர் என்ற மனநல மருத்துவர் இதைப் பதிவு செய்தார், ஆம்பெட்டமின் வகை பாவித்தவர்கள் மணிக்கூட்டையும் ரேடியோவையும் மணிக்கணக்காகக் கழற்றிப் பூட்டுகிறார்கள், எதற்கென்று கேட்டால் பதில் இல்லை, சாப்பிடக் கூப்பிட்டாலும் வருவதில்லை. பார்க்கின்சன் நோய்க்கு டோபமின் மருந்து எடுக்கும் வயதானவர்கள் சிலரிடமும் பிறகு இதே பழக்கத்தைக் கண்டார்கள், அவர்கள் வாழ்நாளில் ஒரு பீடி கூடத் தொடாதவர்களாக இருக்கலாம். தோலுக்குள் ஊர்வதும் அவன் நடிப்பதில்லை, மூளை அதை மெய்யாகவே உணர்கிறது. பூச்சி இல்லை என்று வாதாடாதீர்கள், இருக்கிறது என்று தலையாட்டவும் வேண்டாம். புண்ணுக்கு மருந்து போடுங்கள், கிருமி ஏறினால் அது வேறு சோலி.

திரும்பி வருமா என்றால், பெரும்பகுதி வரும், நேரம் எடுக்கும். 2001இல் அமெரிக்காவில் நோரா வோல்கோவ் குழு, பாவித்தவர்களின் மூளையை விட்ட புதிதில் ஒரு தடவையும், ஒரு வருடத்துக்கு மேல் தொடாமல் இருந்த பிறகு இன்னொரு தடவையும் படம் எடுத்துப் பார்த்தது. குறைந்து போயிருந்த அந்த இழுக்கும் புரதம் நன்றாகவே மீண்டிருந்தது. ஆனால் ஞாபகமும் கை வேகமும் அந்த அளவுக்கு மீளவில்லை. ஒரு மாதத்தில் பழைய தம்பி வேண்டும் என்று நிற்காதீர்கள் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

கடலோடி:

நான் தலை நரைத்த பிறகும் கடலில் நிற்கிறவன், அதனால் நேரே சொல்கிறேன். நாங்களும் கள்ளு, சாராயம், சுருட்டு, இல்லாத நேரம் கசிப்பு என்று எல்லாம் பார்த்தோம். கலியாணம் முடித்தோம், பிள்ளை பிறந்தது, விட வேண்டும் என்று நினைத்தோம், விட்டோம். இப்போது மூளை, டோபமின், எலி என்று சொல்லிப் பெடியன்மாருக்கு நல்ல சாட்டு எடுத்துக் கொடுக்கிறீர்கள். "நான் என்ன செய்ய, என் புரதம் தலைகீழாக ஓடுகிறது" என்று நாளைக்குத் தாய்க்கே சொல்வான்.

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன். பல நாள் படகில் ஆளைக் குறைத்துக்கொண்டு போய், இருக்கிறவனிடம் இரண்டு ஆள் வேலை வாங்கினால் அவன் ஏதாவது ஒன்றைத் தேடுவான்தான். எங்கள் காலத்தில் ஒருவன் படுக்க ஒருவன் நிற்போம்.

உவர்மலை_உயிரியல்:

கடலோடி அண்ணா, நீங்கள் சொன்னதில் பாதிக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. வியட்நாம் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஏராளமானோர் ஹெரோயின் பாவித்தார்கள். 1971இல் திரும்பி வந்தவர்களை லீ ரொபின்ஸ் என்ற ஆய்வாளர் தொடர்ந்து போய்ப் பார்த்தார். ஐந்தில் ஒருவர் போல அங்கே அடிமையாகியிருந்தார்கள், ஆனால் அப்படி அடிமையானவர்களில் ஊருக்கு வந்த முதல் வருடத்தில் திரும்ப அடிமையானவர்கள் நூற்றுக்கு 5 பேரளவுதான், மூன்று வருடத்தில் 12 பேரளவு. அப்போது பலர் இதை நம்பவில்லை. ஆகவே விடலாம் என்பது சரி. ஆனால் அவர்கள் எப்படி விட்டார்கள் என்று பாருங்கள், சாமான் மலிவாகக் கிடைத்த இடம், கூடப் பாவித்த கூட்டாளி, பயம், சும்மா இருக்கிற நேரம் எல்லாவற்றையும் ஒரு சமுத்திரத்துக்கு அப்பால் விட்டுவிட்டு விமானம் ஏறினார்கள். இந்தத் தம்பி அதே படகில், அதே ஆட்களோடு, அதே போனோடு இருக்கிறான். நீங்கள் கள்ளை விட்டதையும் அவன் ஐஸை விடுவதையும் ஒரே தராசில் வைக்க ஏலாது, மடங்குக் கணக்கை வார்ட் அக்கா மேலே போட்டிருக்கிறார்.

திருக்கடலூர் அக்கா, காலையும் பின்னேரமும் பற்றி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன், என் கண்ணில் இந்தத் திரியிலேயே பெரிய கேள்வி அதுதான். நான் ஏ.எல் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறவன், பாடப் புத்தகத்தில் இது வராது.

டோபமின் என்றால் இன்பத்துக்கான இரசாயனம் என்று பேப்பரில் போடுவார்கள். அது அவ்வளவு சரியில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிஜ் எலிகளின் மூளையில் டோபமினை ஏறத்தாழ முழுதாக இல்லாமல் செய்து பார்த்தார். அந்த எலி சாப்பாட்டைத் தேடிப் போகவே போகாது, பக்கத்தில் வைத்தாலும் பட்டினி கிடக்கும். ஆனால் வாயில் சீனித் தண்ணீரை விட்டால் நாக்கால் நக்கி ரசிக்கும், மற்ற எலிகளைப் போலவே. அப்படியானால் ரசிப்பது ஒரு வேலை, தேடிப் போக வைப்பது வேறு வேலை, டோபமின் இரண்டாவதைத்தான் செய்கிறது. பெரிஜும் ரொபின்சனும் 1993இல் எழுதியது இதன் அடுத்த படி: போதைப்பொருளைத் திரும்பத் திரும்ப எடுக்கும்போது தேடிப் போக வைக்கிற பகுதி மேலும் மேலும் கூர்மையாகிறது, ரசிப்போ வர வரத் தேய்கிறது. ஐஸ் பாவிக்கிறவர்களைக் கேளுங்கள், முதல் மாதம் போல இப்போது ஒன்றும் இல்லை என்பார்கள், அப்படிச் சொல்லிக்கொண்டே போவார்கள். பிடிக்காத ஒன்றுக்கு உடம்பு எழும்பி நடக்கிறது.

பார்க்கின்சன் மருந்துக் கதை மேலே வந்தது, அதில் இன்னொரு துண்டு இருக்கிறது. பிரமிபெக்சோல் போன்ற மாத்திரை எடுத்த சில வயதானவர்கள், அதுவரை ஒரு லொத்தர் சீட்டுக்கூட வாங்காதவர்கள், சூதாடிச் சொத்தை அழித்திருக்கிறார்கள். மருந்தைக் குறைத்ததும் பலருக்கு நின்றுவிட்டது. ஒழுக்கம் ஒரே ஆளுக்கு மாத்திரைக் கணக்கில் ஏறி இறங்குமா, சொல்லுங்கள் அண்ணா.

ஆக, காலையில் அழுகிறவன் மெய்யாகத்தான் அழுகிறான். அந்த நேரம் அவனைச் சுற்றி அம்மா, வீடு, களைப்பு. நெற்றிக்குப் பின்னால் இருக்கிற முன்மூளை, யோசித்துத் தடுக்கிற பகுதி, வேலை செய்கிறது (அது முழுதாக முதிர்வது இருபதுகளின் நடுப்பகுதியில்தான், 22இல் இன்னும் வேலை மிச்சம்). பின்னேரம் அந்தக் குறிப்பிட்ட ஆளின் கோல் வந்தவுடன், சாமானைக் காணுமுன்னமே, அந்தத் தேடல் எழும்பிவிடுகிறது. அந்த ரிங்டோன், அந்த லைட்டர், படகுத் துறையின் டீசல் மணம், எதுவும் போதும். சத்தியத்தின் நேரத்தில் அந்த ஆள் இல்லை, அந்த ஆளின் நேரத்தில் சத்தியம் நினைவில் இருந்தாலும் கைக்கு வருவதில்லை. அவனுடைய மனவுறுதியைச் சோதிப்பதை விட அந்தப் பின்னேரங்களை மாற்றுவது லேசு. சத்தியம் வாங்குவதை முதலில் நிறுத்துங்கள், உடைக்கிற ஒவ்வொன்றும் அவனுக்கு வெட்கத்தைத்தான் கூட்டுகிறது, வெட்கம் தாங்காமல் திரும்பவும் அங்கேதான் போவான்.

பெயர்_வேண்டாம்:

நான் ஐஸ் இல்லை, தூள், அதாவது ஹெரோயின். ஆனால் சார் சொன்ன பின்னேரக் கதை அச்சொட்டு. புனர்வாழ்வில் இருந்து வந்தபோது உடம்பு நன்றாக இருந்தது, நெருப்பாகச் சாப்பிட்டேன், எண்ணமே இல்லை. ஊருக்கு வந்து பஸ்ஸால் இறங்கி ஒரு ஒழுங்கையைக் கடந்தேன், வயிறு கலங்கி, கொட்டாவி கொட்டாவியாக வந்து, மூக்கு ஓடத் தொடங்கியது. தூளை விட்டு எத்தனையோ மாதம். ஒழுங்கையைப் பார்த்ததற்கு! இப்போது அந்தப் பக்கமே போவதில்லை, சுற்றித்தான் போவேன், ஆட்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். என் கூட்டாளி ஒருவன் மறியலால் (ஜெயிலால்) வந்த அன்றே பழைய அளவை எடுத்தான். காலையில் ஆள் இல்லை. கூடப் போட்டதாக எல்லோரும் சொன்னார்கள், கூடப் போடவில்லை, முந்திப் போட்டதுதான்.

திருக்கடலூர்_அக்கா:

எல்லோருக்கும் நன்றி, இரவு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், ஃபேன் விஷயம் சுவீடன் வரைக்கும் இருக்கிறது என்றதும் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. இரண்டு சந்தேகம். மாமா சொல்கிறார், அறையில் போட்டு ஒரு கிழமை பூட்டி வைத்தால் தெளிந்துவிடும் என்று. அது சரியா? அடுத்தது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனால் பொலிஸ் வருமா? அம்மாவுக்கு அந்தப் பயம்தான் பெரிது.

வார்ட்_அக்கா:

பூட்டி வைக்கிற கதைக்கு முதலில் பதில். எந்தச் சாமான் என்பதைப் பொறுத்து அது ஆளையே கொன்றுவிடும். போதை என்று ஒரே சொல்லில் போட்டுவிடுகிறோமே தவிர, மூளைக்கு அவை ஒவ்வொன்றும் வேறு வேறு.

நாள் தவறாமல் நிறையக் குடிக்கிறவரை எடுங்கள். மூளையை அமைதிப்படுத்துகிற காபா என்ற இரசாயனத்தின் வேலையைச் சாராயம் கூட்டுகிறது, கிளர்த்துகிற குளூட்டமேற்றின் வேலையைக் குறைக்கிறது. வருடக்கணக்கில் இதைச் சமாளிக்க மூளை எதிர்ப்பக்கம் சாய்ந்து நிற்கும். திடீரென்று சாராயத்தை எடுத்துவிட்டால் அந்தச் சாய்வு மட்டும் மிஞ்சும்: கை நடுக்கம், வியர்வை, 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு, இரண்டாம் மூன்றாம் நாளில் ஆளை அடையாளம் தெரியாத குழப்பம், இல்லாததைக் காண்பது. இதில் செத்தவர்கள் உண்டு. குடிகாரரைப் பூட்டி வைத்துத் திருத்துகிறோம் என்கிற இடங்களிலிருந்து வலிப்போடு தூக்கி வந்தவர்களை நான் ஏற்றிருக்கிறேன். நிறையக் குடிக்கிறவர் விடுவதாக இருந்தால் வைத்தியசாலையில் மருந்தோடு படிப்படியாக விட வேண்டும், விட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள், இல்லாவிட்டால் ஞாபகமே நிரந்தரமாகப் போகக்கூடும்.

தூள் வேறு. ஹெரோயின் மூளைக்குள் மோர்பினாக மாறி, வலியைத் தணிக்க உடம்பே செய்கிற இரசாயனங்களுக்கான இடத்தில் போய் ஒட்டுகிறது. அந்த இடங்களை 1973இல்தான் கண்டுபிடித்தார்கள். மூச்சை நடத்துகிற மூளைத்தண்டிலும் அவை இருக்கின்றன. விடும்போது வாந்தி, வயிற்றோட்டம், எலும்புக்குள் வலி, ஆளைப் பார்க்க ஏலாது, ஆனாலும் வேறு வருத்தமில்லாத ஒருவர் அதனால் சாவது அரிது. சாவு வருவது அதற்குப் பிறகு. தம்பி பெயர் வேண்டாம், உன் கூட்டாளிக்கு நடந்தது அதுதான். பாவிக்கிற காலத்தில் மூளைத்தண்டு பழகியிருக்கும், மறியலிலோ புனர்வாழ்விலோ கொஞ்சக் காலம் இருந்தால் அந்தப் பழக்கம் போய்விடும், பழைய அளவே மூச்சை நிறுத்தப் போதும். வழமையாக எடுக்காத புது இடத்தில் எடுத்தால் ஆபத்து இன்னும் கூட, 1982இல் எலிகளில் காட்டியிருக்கிறார்கள், ஏனென்றால் உடம்பு அந்த இடத்தைக் கண்டவுடன் எடுக்கிற முன்னேற்பாடு புது இடத்தில் நடப்பதில்லை. யாராவது அப்படி மூச்சுத் திணறிக் கிடந்தால் 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள், என்ன எடுத்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நலொக்சோன் என்ற மருந்து நிமிடக் கணக்கில் மூச்சைத் திருப்பும்.

கஞ்சா அப்படி மூச்சை நிறுத்துவதில்லை, அது ஒட்டுகிற இடங்கள் மூளைத்தண்டில் குறைவு. அதை வைத்துக்கொண்டு அது மூலிகை, ஒன்றும் செய்யாது என்று வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சுவீடனில் படைக்கு எடுத்த இளைஞர்கள் 45,000 பேருக்கு மேல் பல வருடம் தொடர்ந்து பார்த்து 1987இல் வெளியிட்டார்கள், 18 வயதுக்குள் ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா பாவித்தவர்களுக்கு மனச்சிதைவு வந்தது கஞ்சாவே தொடாதவர்களை விட ஆறு மடங்கு. குடும்பத்தில் ஏற்கெனவே மனநோய் இருந்தால் பக்கத்திலேயே போகக் கூடாது.

இனி ஐஸ். விடுவதால் வலிப்பு வராது, உடம்பால் பெரிய ஆபத்து இல்லை. முதல் கிழமை நித்திரை, அகோரப் பசி, எரிச்சல், பிறகு எதிலும் ருசி இல்லாத இருட்டு. அந்த இருட்டில் உயிரை மாய்க்கிற எண்ணம் வரும், அதற்குத்தான் நான் பயப்படுவேன். பூட்டிய அறையில் சந்தேகத்தோடு இருக்கிற ஒருவனைத் தனியே விடுவது அதை விட மோசம், கதவுக்கு வெளியே நிற்கிறவர்கள் தன்னைக் கொல்லத்தான் நிற்கிறார்கள் என்று மெய்யாகவே நம்புவான். மாமாவிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். யாராவது கூட இருங்கள், கூர்மையான சாமானை எடுத்து வையுங்கள், சாப்பாடு கொடுத்து நித்திரை கொள்ள விடுங்கள், ஆளைக் கிளினிக்குக்குக் கொண்டு வாருங்கள். நெஞ்சுவலி, கடும் காய்ச்சல், வலிப்பு, ஆளுக்கு அடிக்க வருகிற மூர்க்கம், சாகிற கதை இவற்றில் ஒன்று கண்டாலும் கிளினிக் நாள் பார்க்காமல் அவசரப் பிரிவுக்கு.

பொலிஸ். சிகிச்சைக்குப் போவதும் பொலிசுக்குப் போவதும் ஒன்றில்லை. இலங்கையில் போதைக்கு அடிமையானவர்களின் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்குமான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் தானாக வந்து சிகிச்சை எடுக்கும் வழி உண்டு, நீதவான் உத்தரவால் அனுப்புவது வேறு வழி. வைத்தியசாலையில் சொல்வதை ஊருக்குச் சொல்லமாட்டார்கள். பயப்பட வேண்டியது சாமானை வீட்டில் வைத்திருப்பதற்கு. அது வேறு சட்டம், அபாயகர ஔடதங்கள் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு 5 கிராமுக்கு மேல் ஐஸ் பிடிபட்டால் மரண தண்டனையோ ஆயுள் மறியலோ வரைக்கும் போகும், கூட்டாளி ஒருவன் "இதைக் கொஞ்சம் வைத்திரு" என்று கொடுத்தாலும் கதை அதேதான். போனில் கதைக்க 1927 தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை, 1926 தேசிய மனநல நிறுவனம். தமிழில் கதைக்க வேண்டும் என்று எடுத்தவுடன் கேளுங்கள்.

கிண்ணியா_நானா:

தங்கச்சி, ஒரு விஷயம் விட்டுப்போகிறது. ஐஸ் ஏற்றத்தை இறக்கப் பெடியன்கள் மாத்திரை போடுகிறார்கள், பிரகபலின் கப்சூல், டிரமடோல் என்ற வலி மாத்திரை. மருந்துதானே, பாமசியில் வருகிறதுதானே என்று நினைக்கிறார்கள். பிரகபலின் நரம்பு வலிக்கும் வலிப்புக்கும் கொடுக்கிற மருந்து, சாராயத்தோடோ தூளோடோ சேர்ந்தால் மூச்சை அமத்திவிடும். டிரமடோல் கூடினால் அதுவே வலிப்பைக் கொண்டுவரும். நான் பாமசியில் வேலை செய்கிறவன், சீட்டில்லாமல் கேட்டு எத்தனை பேர் சண்டை பிடித்திருக்கிறார்கள், கொடுப்பதில்லை. தம்பியின் சேட்டுப் பையில், கட்டிலுக்குக் கீழே வெறும் மாத்திரை அட்டை கிடந்தால் எறியாமல் டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். கிளினிக்கில் ஐஸ் மட்டும் என்று நினைத்து மருந்து எழுதினால் சிக்கல்.

திருக்கடலூர்_அக்கா:

நானா, இரண்டு அட்டை இருந்தது. எடுத்து வைத்துவிட்டேன். ஐஸை விட வைக்க என்று தனி மாத்திரை ஏதாவது இருக்கிறதா? டிரமடோலுக்குப் பதில் அதைப் போட்டுத் தப்பலாமே.

வார்ட்_அக்கா:

தூளுக்கு மெத்தடோன், பியுப்ரநோர்பின் என்று உலகில் மருந்துகள் இருக்கின்றன. ஐஸை விட வைக்க என்று அங்கீகரித்த மாத்திரை ஒன்றும் இல்லை. சந்தேகத்துக்கும் மனச்சோர்வுக்கும் மருந்து கொடுப்பார்கள், அது வேறு. ஐஸுக்கு ஆய்வுகளில் அதிகம் பலன் தந்திருப்பது கேட்டால் சிரிப்பீர்கள்: சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக வந்தால் உடனே ஒரு சின்னப் பரிசு, அடுத்த தடவையும் சுத்தம் என்றால் கொஞ்சம் பெரியது. தப்பினால் ஏச்சு இல்லை, பரிசு இல்லை, அவ்வளவே. தூரத்து நன்மை அந்த மூளைக்கு இப்போது தெரிவதில்லை, கையில் வருகிறது தெரியும்.

கடலோடி:

லஞ்சம் கொடுத்துத் திருத்துகிறதா! சரி, நல்லது நடந்தால் சரி. சார், சூதாட்டக் கதை யோசிக்க வைத்தது, அதற்கு என்னிடம் பதில் இல்லை, ஆனாலும் பெடியனுக்கு ஒரு பொறுப்பும் இல்லை என்று சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.

பிள்ளை, காசு விஷயம். அவன் கூலி யார் கையில் போகிறது? படகு கரைக்கு வந்த அன்றே பங்குக் காசு முழுதும் கையில் விழும், வியாபாரிக்கு அது நன்றாகத் தெரியும், அந்த நேரம் பார்த்துத்தான் கோல் வரும். சம்மாட்டியிடம் சொல்லி அம்மா கையில் கொடுக்கச் செய்.

பெயர்_வேண்டாம்:

அவனுக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். என் வீட்டில் அப்படிச் செய்தார்கள், நான் அம்மாவின் தோட்டைக் கழற்றினேன். அவனையே சொல்லவிடுங்கள், தெளிந்த நேரம் பார்த்து, "காசை யாரிடம் கொடுக்கலாம்" என்று அவனிடமே கேளுங்கள். சிம்மையும் மாற்றுங்கள்.

உவர்மலை_உயிரியல்:

இது சரி. காலை வேளையில் சத்தியம் வாங்குவதற்குப் பதில் அந்த வேளையிலேயே இதைச் செய்விக்கலாம். அப்போதுதானே யோசிக்கிற மூளை கையில் இருக்கிறது. கொஞ்சக் காலத்துக்குப் பல நாள் படகும் வேண்டாம்.

திருக்கடலூர்_அக்கா:

பல நாள் படகை விட்டால் வீட்டுக்கு வருமானம் என் தையல் மட்டும்தான், அதைத்தான் யோசிக்கிறேன். கடலோடி அண்ணா, பகலில் போய்ப் பகலில் வருகிற படகில், இந்தச் சாமான் புழங்காத ஆட்களோடு, ஒரு இடம் இருந்தால் சொல்வீர்களா? கிளினிக் நாளில் விடுப்புக் கொடுக்கிறவராகவும் இருக்க வேண்டும். மெசேஜ் போட்டிருக்கிறேன், பாருங்கள்.

கடலோடி:

பார்த்தேன். என் மைத்துனரின் படகு இருக்கிறது, ஆனால் அவர் நித்திரை தூங்கி வந்தவனைத்தான் ஏற்றுவார், கண் சிவந்திருந்தால் கரையிலேயே விட்டுவிடுவார். அதற்குச் சம்மதம் என்றால் முதலில் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போ, டொக்டர் கடலுக்குப் போகலாம் என்று சொன்ன பிறகு கதைப்போம்.